லொயோலாவும் ஐந்து சதக் குத்தியும்: சில கேள்விகள், சில பதில்கள்

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் உள்ள லொயோலா பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பற்றிப் போன ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். நேரம் போதவில்லை. துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தவர்களுக்கும் பிறகு போனில் அனுப்பியவர்களுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன். எனக்கு ஆங்கிலம் படிப்பித்தவர் லூசியானாவிலிருந்து திருகோணமலைக்கு வந்த ஒரு ஃபாதர். அந்தக் கடன்தான் என்னை இவ்வளவு தேட வைத்தது.

உப்புவெளி, ஏ.எல். மாணவி: சேர், லொயோலா என்றால் சென்னையில் இருக்கிற கல்லூரிதானே?

அது வேறு, மகள். சென்னையில் இருப்பது 1925இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் தொடங்கிய கல்லூரி. லொயோலா என்பது ஸ்பெயினில் பாஸ்க் நாட்டில் ஓர் இடத்தின் பெயர். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் அங்கே பிறந்தவர். அதனால் சபையார் போன இடமெல்லாம் அந்தப் பெயர் இருக்கும். சிக்காகோவிலும் பால்டிமோரிலும்கூட ஒவ்வொரு லொயோலா உண்டு. நான் சொல்வது மிசிசிப்பி ஆற்றங்கரை நியூ ஓர்லியன்ஸில் உள்ளதை.

பாலையூற்று, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: ஐயா, நீங்கள் 1849 என்றீர்கள், 1904 என்றீர்கள், 1912 என்றும் சொன்னீர்கள். எதுதான் தொடங்கிய ஆண்டு?

மூன்றும் சரி. ஒரு பல்கலைக்கழகம் ஒரே நாளில் பிறப்பதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

1849இல் நகரத்தின் நடுவே பரோன் வீதியில் அமலோற்பவ மாதா பெயரில் சபையார் ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். பள்ளியும் கல்லூரியும் ஒன்றாக ஓடியது. நகரம் வளர வளர நெருக்கடி கூடியது. 1889இல் நகரத்துக்கு வெளியே, புனித சார்ள்ஸ் அவெனியூவில், ஃபூஷே என்பவரின் பழைய தோட்டக் காணியில் ஒரு பகுதியை வாங்கிப் போட்டார்கள். அப்போது அது ஊர் எல்லை. இன்று அங்கே காணி விலை கேட்கவே பயம் வரும்.

அந்தக் காணியில் 1904இல் லொயோலா கல்லூரி தொடங்கியது. முதல் தலைவர் ஃபாதர் அல்பேர்ட் பீவர். லொயோலாக்காரர் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சபை மேலாளர் பீவரைக் கூப்பிட்டு, கையில் ஐந்து சதக் குத்தி ஒன்றைக் கொடுத்து, 'ட்ராமில் ஏறிப் போய் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கு' என்றாராம். அந்த ஐந்து சதம் ட்ராம் கட்டணம். போக மட்டும்தான், திரும்பி வரக் காசில்லை.

இந்தக் கதையை எங்கள் ஃபாதர் வகுப்பில் சொல்லிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து அமெரிக்க ஐந்து சதக் குத்தியை எடுத்து முன் வாங்கில் இருந்தவனிடம் கொடுத்தார். ஒரு பக்கம் ஜெஃபர்சனின் முகம், மறுபக்கம் அவருடைய வீடு. கை மாறி மாறி கடைசி வாங்கு வரைக்கும் போய்த் திரும்பியது. என் கைக்கு வந்தபோது அது சூடாக இருந்தது. முப்பது பொடியன்களின் உள்ளங்கைச் சூடு.

1911இல் வேலையைப் பிரித்தார்கள். பரோன் வீதியிலிருந்தது உயர்நிலைப் பள்ளியாக மட்டும் நின்றது, மேற்படிப்பு முழுவதும் லொயோலாவுக்குப் போனது. 1912 யூலையில் லூசியானா அரசு பட்டம் வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு அந்த ஆண்டுதான். 1914இல் சட்டத்துறை வந்தது. அவெனியூவைப் பார்த்தபடி நிற்கும் மார்க்கெட் மண்டபம், 1673இல் மிசிசிப்பியில் படகோட்டிப் போன இயேசு சபைக் குரு மார்க்கெட்டின் பெயரைத் தாங்கியது.

கிண்ணியா, இளைஞர்: சேர், தோட்டக் காணி என்கிறீர்கள். தோட்டம் என்றால் வேலை செய்தவர்கள் யார்?

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நேரம் ஓடியதால் நான் தாண்டிப் போன இடத்தை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ஆறுதலாகச் சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில், லூசியானா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோதே, இயேசு சபையாருக்கு நகரத்தை ஒட்டிப் பெரிய தோட்டம் இருந்தது. 1751இல் கரீபியன் தீவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து அங்கே நட்டார்கள். லூசியானாவில் கரும்பின் கதை அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. கரும்பை வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். குருக்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். இதை மென்று விழுங்கிச் சொல்ல நான் தயாரில்லை.

1763இல் காலனி நிர்வாகமே சபையாரை நாடு கடத்தி, சொத்தை ஏலத்தில் விற்றது. 1773இல் பாப்பரசர் சபையையே கலைத்தார், 1814இல்தான் அது மீண்டும் எழும்பியது. பிறகு லூசியானாவுக்குத் திரும்பி வந்தவர்கள் பரோன் வீதியில் வாங்கிய சிறிய காணி, தங்கள் பழைய தோட்டத்தின் ஒரு துண்டு. ஒரு காலம் பரந்த வயல், பிறகு காசு கொடுத்து வாங்கிய ஒரு மூலை.

இன்றைய லொயோலாவின் வாசலுக்கு எதிரே ஓடுபோன் பூங்கா இருக்கிறது. அந்த இடத்தில் இருந்த இன்னொரு தோட்டத்தில்தான் 1795இல் எத்தியேன் டு பொரே என்பவர் கரும்புச் சாற்றைச் சீனியாக உறைய வைத்து வியாபாரத்துக்கு வழி திறந்தார். அதற்குப் பிறகு அடிமைகளின் தேவை குறையவில்லை, பெருகியது. வளாகத்தைச் சுற்றியுள்ள மண் முழுக்க அந்த வரலாறு.

நான் கத்தோலிக்கன். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியதைச் சொல்லாமல் திருமலையில் எங்கள் சமயம் வந்த கதையை எழுத முடியாது. லொயோலாவின் கதையும் அப்படித்தான்.

அதே இளைஞர் தொடர்ந்து: பிறகு கறுப்பின மாணவர்களைச் சேர்த்தார்களா?

நீண்ட காலம் இல்லை. அந்த நாட்டின் தென் மாநிலங்களில் நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்தது, லொயோலா அதற்குள்தான் நடந்தது. கத்தோலிக்கக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வழி திறந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. பிலடெல்பியாவில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த அன்னை கத்தரின் ட்ரெக்ஸல் 1915இல் நியூ ஓர்லியன்ஸில் சவேரியார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1925இல் அது கல்லூரியானது. 2000ஆம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

லொயோலாவின் கதவு 1952இல் அசைந்தது. நோர்மன் பிரான்சிஸ், ஒரு முடிதிருத்துநரின் மகன், சட்டத்துறையில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின மாணவர்களில் ஒருவர். 1955இல் பட்டம் பெற்றார். 1968 முதல் 2015 வரை சவேரியார் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். நாற்பத்தேழு வருடம்! அடிமை முறைக்காகப் போரிட்ட தலைவர் ஒருவரின் பெயரில் இருந்த அந்த நகரத்து வீதிக்கு இன்று பிரான்சிஸின் பெயர். லொயோலாவின் வரலாற்றில் ஒரு மனிதரைத்தான் படிக்கலாம் என்றால் நான் இவரைச் சொல்வேன்.

ஓர்ஸ்ஹில், றேடியோ திருத்துபவர்: ஒரு பல்கலைக்கழகம் வானொலி நடத்தியது என்றீர்களே, உண்மையா அண்ணை?

உண்மை. 1922 மார்ச் 31இல் மார்க்கெட் மண்டபத்திலிருந்து டபிள்யூ. டபிள்யூ. எல். என்ற நிலையம் பேசத் தொடங்கியது. கொழும்பு வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் பேசியவர் பல்கலைக்கழகத் தலைவரான குரு. என்ன பேசினார்? புதிய கட்டடத்துக்கு உதவி கேட்டார். நன்கொடை கேட்கப் பிறந்த நிலையம் பிறகு 50,000 வாட் வலுவுக்கு வளர்ந்து, இரவில் தென் மாநிலங்கள் முழுவதும் கேட்டது. அதன் வருமானம் வெகுகாலம் பல்கலைக்கழகத்தைத் தாங்கியது. 1980களின் கடைசியில் விற்றுவிட்டார்கள்.

திருக்கடலூர், மீன் வியாபாரி: எங்கட ஃபாதர்மார் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தால் அனுப்பப்பட்டவர்களா?

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும், பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களை அனுப்பியது இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணம். மாகாணம் என்றால் சபையின் நிர்வாகப் பிரிவு, பல தென் மாநிலங்களைச் சேர்த்தது. லொயோலா அந்த மாகாணத்தின் பல்கலைக்கழகம். ஒரே குடும்பம், ஆனால் ஒன்றையொன்று மாற்றிச் சொல்லக் கூடாது. பலர் சபை வாழ்வைத் தொடங்கியது கிராண்ட் கோட்டோ என்ற சிறிய ஊரில்.

எங்கள் பக்கம் பாருங்கள். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உண்டானது. அதைப் பிரான்ஸின் இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார்கள். ஆயர் லவீஞ், ஆயர் ரோபிஷே எல்லோரும் பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று மாறியது. 1947இல் ஆயரான இஞ்ஞாசியார் கிளெனி அமெரிக்க இயேசு சபையார். 1974 வரை இருந்தார். அந்தக் காலத்தில்தான் லூசியானாக்காரர் இங்கேயும் மட்டக்களப்பிலும் நிறைந்தார்கள்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய்: வெபர் ஃபாதரும் ஹீபர்ட் ஃபாதரும் அவர்களில்தானே?

ஆமாம் அக்கா. ஹரல்ட் வெபரின் பெயரில்தான் உங்கள் ஊர் விளையாட்டரங்கு. இயூஜின் ஹீபர்ட் லூசியானாவில் ஜெனிங்ஸ் என்ற ஊர்க்காரர். கூடைப்பந்தையும் கைத்தொழிலையும் பொடியன்களுக்குக் கற்றுக் கொடுத்தவர். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார், ஒரு பொடியனும் கூட. இருவரும் வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் அந்த நாள் பூசையில் இன்றும் அவருடைய பெயரைச் சொல்லி மன்றாடுபவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

நிலாவெளி, சுற்றுலா விடுதியில் வேலை செய்பவர்: கத்ரீனா புயலில் என்ன ஆனது?

எங்களைச் சுனாமி அடித்தது 2004 டிசம்பர் 26. அவர்களுக்குக் கத்ரீனா 2005 ஓகஸ்ட் 29. எட்டு மாத இடைவெளி. அணைக்கரைகள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் வரை தண்ணீருக்குள் போனது. லொயோலா ஆற்றோரத்து மேட்டு நிலத்தில் இருந்ததால் கட்டடங்கள் பெரிதும் தப்பின. ஆனால் ஊரே காலியானால் யாரை வைத்துப் படிப்பிப்பது? அந்த அரையாண்டு முழுவதும் மூடப்பட்டது. மற்ற இயேசு சபைப் பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டன. 2006 ஜனவரியில் மீண்டும் வகுப்பு. பிறகு செலவைக் குறைக்கச் சில துறைகளை மூடினார்கள், விரிவுரையாளர்கள் வேலை இழந்தார்கள், அந்த மனக்கசப்பு வெகுநாள் இருந்தது. மாநிலத்தின் மீள்கட்டுமானப் பணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? மேலே சொன்ன நோர்மன் பிரான்சிஸ்.

பெயர் எழுதாத ஒருவர்: கத்தோலிக்கர் அல்லாதவரும் படிக்கலாமா?

தாராளமாக. தலைவர் பதவிக்கே குரு வேண்டும் என்ற வழக்கம் போய்விட்டது. 2018இல் டானியா டெட்லோ வந்தார், முதல் பெண், குருவாக இல்லாத முதல் தலைவரும் அவர்தான்.

மூதூர், ஆசிரியை: சேர், எங்கள் அப்பாவுக்குப் படிப்பித்த அமெரிக்க ஃபாதரைப் பற்றி எங்கே தேடலாம்?

நியூ ஓர்லியன்ஸ் மாகாணம் இன்று அந்தப் பெயரில் இல்லை, 2014இல் மிசூரி மாகாணத்தோடு இணைந்துவிட்டது. சபையின் அமெரிக்க ஆவணக் காப்பகம் சென் லூயிஸ் நகரத்தில் இருக்கிறது. ஃபாதரின் முழுப் பெயரும் இங்கே இருந்த ஆண்டுகளும் தெரிந்தால் எழுதிக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். முதற்பூசை நினைவுப் படம், கூடைப்பந்து அணியின் படம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல் ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் பச்சை நிற ட்ராம் படம் போட்ட ஒரு தபாலட்டை இருக்கிறது, எங்கள் ஃபாதர் தந்தது. அதே புனித சார்ள்ஸ் அவெனியூ ட்ராம், 1920களில் செய்த அந்தப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. உங்களிடம் இருப்பதை வருகிற ஞாயிறு மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருவேன். படத்தில் இருப்பவர்களின் பெயரை அப்பாவைக் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.