டயப்பர் மாற்றும்போதெல்லாம் குழந்தை கத்துகிறது, எங்களுக்கும் கைகால் ஓடவில்லை. எளிதாக்க என்ன வழி?

பிறந்து 20 நாள், முதல் குழந்தை, ஒருமுறை மாற்றி முடிக்கவே பத்து நிமிஷம் ஆகிறது, அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்று. மூத்தவளிடம் தப்புத் தப்பாகச் செய்து கற்றதை வைத்துத்தான் சின்னவனைச் சமாளித்தோம், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: டயப்பரைக் கழற்றி மாட்டுவது ஒரு நிமிஷ வேலை. மீதி ஒன்பது நிமிஷமும் கழற்றிய பிறகு துணி எங்கே, தண்ணீர் எங்கே, கிரீம் எங்கே என்று தேடுவதில் போகிறது. அவ்வளவு நேரம் ஈரத்தோடு, காலைத் தூக்கிப் பிடித்தபடி கிடந்தால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

மனைவிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், தலைப்பிரசவம் அங்கேதான். நான் பத்து நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். இரண்டாம் நாள், அத்தை சாப்பிடப் போயிருந்த நேரம், மனைவிக்குத் தையல் வலியில் எழுந்திருக்க முடியவில்லை. டயப்பரைத் திறந்தால் உள்ளே கரும்பச்சையில் தார் மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் இருந்தபோதே குடலில் சேர்ந்தது, முதல் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் போகும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது, என் விரலில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. இன்னொரு துணி எடுக்கலாம் என்று குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டுப் பையின் பக்கம் திரும்பிவிட்டேன். மனைவி போட்ட சத்தத்தில் நர்ஸ் அக்கா ஓடி வந்தார். திட்டவில்லை. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு இரண்டே இழுப்பில் துடைத்துக் காட்டிவிட்டு, "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு அப்புறமா பிள்ளையைத் தொடுங்க சார், தொட்ட பிறகு ஒரு கை பிள்ளை மேலயே இருக்கணும்" என்றார். அதற்குள் அத்தை வந்து, "நீங்க எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம், தள்ளுங்க நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்ல, என் பயிற்சி அதோடு முடிந்தது. (நம் ஊர் மாப்பிள்ளைகள் இதைக் கற்காமலே தப்பித்துவிடுவதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம்.) மூன்றாம் மாதம் இருவரையும் கூட்டி வந்தபோதும் நான் அதே கத்துக்குட்டிதான்.

அதனால் முதலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்குங்கள். டயப்பர், மெல்லிய பருத்தித் துணி நாலைந்து, பஞ்சு, சின்ன பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர், கிரீம், மாற்று ஜபலா ஒன்று, பழைய செய்தித்தாள். இது வீட்டுக்குள் நீங்கள் போகிற அறைக்கெல்லாம் கூடவே வரட்டும். பழையதைக் கழற்றும் முன்பே புது டயப்பரை விரித்து, தொடைப் பக்கம் இருக்கிற சுருக்கு மடிப்பை விரலால் வெளியே இழுத்துவிட்டு, கிரீம் மூடியையும் திறந்து வைத்துவிடுங்கள். அந்த மடிப்பு உள்ளே மடங்கிக் கிடந்தால்தான் ஓரமாக ஒழுகிப் படுக்கை நனைகிறது, நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

கடைகளில் பெரும்பாலும் பேண்ட் மாதிரி மாட்டுகிற வகைதான் கண்ணில் படும். முதல் சில மாதங்களுக்கு ஒட்டுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள், பழையது இருக்கும்போதே அதற்கு அடியில் புதியதை நுழைத்து வைத்துவிடலாம். பேண்ட் வகைதான் கிடைத்தது என்றால், கழற்றும்போது கால் வழியாக உருவாதீர்கள். இரண்டு பக்கத் தையலையும் கிழித்தால் தானாகத் திறந்துகொள்ளும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் உருவி, தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் பூசிவிட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை என்றால் டயப்பரின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து அதற்குக் கீழே நிறுத்துங்கள்.

இடம் என்றால் தரைதான் சிறந்தது. பாயை விரித்து, மேலே ரப்பர் ஷீட், அதற்கு மேல் ஒரு துணி. தரையிலிருந்து எந்தக் குழந்தையும் கீழே விழாது. ஆனால் சிசேரியன் ஆனவர்களைத் தரையில் உட்கார்ந்து குனியச் சொல்வது கொடுமை, அவர்களுக்குக் கட்டிலின் நடுவில் வையுங்கள். புரளத் தெரியாத குழந்தைகூட உதைத்து உதைத்தே ஓரத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் காலைத் தூக்குவது. இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துக் கோழியைத் தூக்குவது போலத் தூக்கினால் குடித்த பால் வெளியே வரும், குழந்தையும் பயப்படும். ஒருபக்கமாகச் சரித்துத் துடைத்துவிட்டு மறுபடி மல்லாத்துங்கள். பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால் மட்டுமே துடைக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். உங்கள் பையனுக்கு வேறு ஆபத்து, காற்றுப் பட்டதும் பீச்சியடிப்பான், திறந்தவுடன் ஒரு துணியை மேலே போட்டுவிடுங்கள். என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கற்ற பாடம் அது. மூடும்போது குஞ்சைக் கீழ்ப்பக்கமாக வைத்து மூடுங்கள், மேலே பார்த்தபடி இருந்தால் இடுப்பு வழியாக ஜபலா நனையும்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் எங்களுக்குப் பாதி சண்டை. பால் வயிற்றுக்குள் போனதும் குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே கக்கா போய்விடும். குடிக்க வைப்பதற்கு முன்னால் மாற்றினால் அந்த டயப்பர் வீண், குடித்துத் தூங்கிய பிறகு மாற்றினால் தூக்கம் போச்சு. ஒருபக்கம் குடித்து முடித்ததும் மாற்றிவிட்டு மறுபக்கம் கொடுங்கள், அப்படியே தூங்கிவிடும். ராத்திரியில் பெரிய லைட்டைப் போடாதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும் போயிருந்தால் அடுத்த பால் நேரம் வரை விடலாம், கக்கா என்றால் உடனே மாற்ற வேண்டும். நிறைய டயப்பர்களில் நடுவில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும், ஈரம் பட்டால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும், இருட்டில் மொபைல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 வரை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று மலைக்காதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது நன்றாக நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம், "பால் பத்தலையோ" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அந்தக் கணக்கையே பதிலாகச் சொல்லலாம்.

"டயப்பர் போட்டா கால் வளைஞ்சிரும்யா" என்று என் அம்மா இன்னும் சொல்கிறார். பிறந்த குழந்தைக்குக் கால் வளைந்துதான் இருக்கும், கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த கால் அது, நடக்கப் பழகிய பிறகு மெல்ல நேராகும். ஆனாலும் பகலில் வீட்டில் இருக்கும்போது அம்மா கிழித்துக் கொடுத்த பழைய வேட்டித் துணிதான், ராத்திரிக்கும் வெளியூருக்கும் டயப்பர். அம்மாவுக்கும் திருப்தி, செலவும் பாதி.

சிவந்துபோனால் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் திறந்து போட்டு, ஜிங்க் ஆக்சைடு கிரீமைத் தோசைக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி தாராளமாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், பறக்கிற தூள் குழந்தையின் மூச்சில் போகும். மூன்று நாளில் குறையவில்லை, அல்லது தொடை மடிப்புக்குள் சிவந்து சுற்றிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கும் கலவைக் கிரீமில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அது வேண்டாம். மலம் கடுகு கலந்த மாதிரி மஞ்சளாக இருந்தால் கவலையே இல்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ போனால் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், அது கல்லீரல், பித்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

கழற்றியதில் இருக்கும் கக்காவைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அரசின் திடக்கழிவு விதிகளிலேயே சுற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். விதி இருக்கட்டும், அதைக் கையால் பிரிக்கிற அக்காவை நினைத்தாலே போதும்.

நாலைந்து மாதத்தில் புரள ஆரம்பித்ததும் இது எதுவும் வேலைக்கு ஆகாது, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியதும் நிற்க வைத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும், அப்போது பேண்ட் வகைக்கு மாறிவிடுங்கள். கூடையில் ஒரு எவர்சில்வர் கரண்டியும் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் எந்தப் பொம்மைக்கும் அடங்காதவன் அதைக் கையில் கொடுத்தால் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறான்.