இரவு வாட்டில் உங்களை நம்பி விடலாமா?

கேள்வி: அன்ரி, எனக்கு 23 வயது. தனியார் கல்லூரி ஒன்றில் தாதியர் டிப்ளோமா முடித்திருக்கிறேன். மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் வைத்தியசாலை அடுத்த வாரம் நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருக்கிறது. இங்கிலிஷில் கேட்டால் எனக்கு வாயே திறக்காது. பயிற்சியில் வாட்டில் நின்றதைத் தவிர வேறு அனுபவமும் இல்லை. கூடப் படித்தவர்கள் யூடியூப்பில் நூறு கேள்வி பதில் எடுத்துப் பாடமாக்குகிறார்கள். நானும் அப்படிச் செய்யவா? நைட் டியூட்டி என்றால் வாவியைக் கடந்து எங்கள் ஊருக்குப் போகிற பாதை (மிதவைப் படகு) ஓடாத நேரம். அம்மா இப்போதே வேண்டாம் என்கிறா.
– பெயர் வேண்டாம், மண்டூர்

பதில்: மகள், அந்த நூறு கேள்வியையும் ஒரு பக்கம் வையுங்கள். நேர்முகப் பரீட்சை மேசைக்கு அந்தப் பக்கம் நானும் இருந்திருக்கிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே பந்தியை ஒப்புவிப்பார்கள். "ஐ ஆம் எ ஹார்ட் வேர்க்கிங் பேர்சன்" என்று தொடங்கும்போதே மேற்றன் (தலைமைத் தாதி) பேனையை மூடிவிடுவா.

புதிதாக வரும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் மனதில் ஓடுவது வேறு. விடியப்புறம் இரண்டு மணிக்கு ஒரு சீனியரும் ஒரு அட்டென்டனும் மட்டும் நிற்கிற வாட்டில், இந்தப் பிள்ளையை நம்பி ஒரு நோயாளியை விடலாமா? ஆளின் நிலை மோசமாகிறது என்று இவளுக்கு விளங்குமா? விளங்கினால் வாய் திறந்து யாரையாவது கூப்பிடுவாளா? கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் அவர்கள் தேடுவது இதைத்தான்.

மாரி மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் டெங்கு எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் இப்படி ஒரு கேள்வி வரலாம்: "டெங்கு நோயாளி. ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்குச் சுகம், வீட்டுக்குப் போகப் போகிறேன் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" சந்தோஷப்பட்டு வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டக் கொடுக்கிற பிள்ளை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்கும் நேரம். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். கை கால் குளிர்கிறதா, நாடி ஏறுகிறதா, வயிற்று நோவு, வாந்தி இருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். பிரஷரில் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 90க்கு 70 என்றால் இரண்டுக்கும் இடையில் 20தான். அந்த இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அடுத்த ரவுண்ட் வரை காத்திருக்கவே கூடாது. பிளேட்லெட் இறங்கும்போது பீசீவீ, அதாவது இரத்தம் தடிப்பதைக் காட்டும் எண், ஏறுகிறதா என்றும் கேளுங்கள். நோவுக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் பக்கம் போகக் கூடாது, பரசிட்டமோல் மட்டும்தான். இவ்வளவையும் சொன்னாலும் கடைசியில் ஒரு வசனம் இல்லாவிட்டால் பதில் அரைகுறைதான்: "உடனே சீனியர் மிஸ்ஸுக்குச் சொல்லி, டொக்டரைக் கூப்பிட்டு, கூப்பிட்ட நேரத்தை பெட் ஹெட் டிக்கட்டில் (நோயாளியின் பதிவேட்டில்) எழுதுவேன்."

நீங்கள் வாவிக்கு மேற்கே, வயல் சூழ்ந்த படுவான்கரைப் பிள்ளை. வேளாண்மை வெட்டுக்காலத்தில் பாம்புக் கடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் உங்களைவிட யார் நன்றாகச் சொல்லப்போகிறார்கள்? மோதிரம், காப்பைக் கழற்றுவது, நடக்க விடாமல் வைப்பது, கட்டுப் போடாமலும் கீறாமலும் இருப்பது, இமை விழுகிறதா என்று பார்ப்பது, இரத்தத்தைச் சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது. விஷமுறிவு மருந்து ஏற்றும்போது அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். சொறி, மூச்சு இழுப்பு, பிரஷர் இறக்கம் கண்டால் ட்ரிப்பை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து நோயாளிகளும் அங்கே வருவார்கள். நோன்பு பிடித்திருக்கும் சீனி வருத்தக்காரருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, சுகர் 58 என்றால் என்ன செய்வீர்கள்? 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறக்கத்தான் வேண்டும். நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்ப்பது. அதைச் செய்வது லேசு. நோன்பாளியிடமும் வீட்டாரிடமும் அதை மரியாதையாகச் சொல்லி இணங்க வைப்பதுதான் கஷ்டம். அதற்கு என்ன வார்த்தை சொல்வீர்கள் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கு நிச்சயம் வரும், கல்குலேட்டர் தரமாட்டார்கள். 500 மில்லி லீட்டர் சேலைன், 4 மணித்தியாலம், ஒரு மில்லி லீட்டருக்கு 20 துளி விழுகிற செட். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. அதை 240 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. விடையை மட்டும் சொல்லாமல் வழியையும் சொல்லுங்கள். பதற்றத்தில் எண் தவறினாலும் முறை சரி என்று தெரியும். ஊசி கையில் குத்தினால் என்ன செய்வாய் என்றும் கேட்பார்கள்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, பிதுக்காமல் விடுவது, உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்வது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தவரை நேரத்தோடு தொடங்க வேண்டும்.

கேள்விப்படாத மருந்தின் பெயரைச் சொல்லி டோஸ் கேட்டால்? ஊகித்து ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். நான் மேசையில் இருந்தால் அந்த ஒரு பதிலுக்காகவே உங்களை வேண்டாம் என்பேன். "இந்த மருந்தை நான் கொடுத்ததில்லை. சீனியரோடு சரிபார்க்காமல் கொடுக்க மாட்டேன்" என்று நேரே பார்த்துச் சொல்லுங்கள். டொக்டரின் எழுத்து விளங்காவிட்டாலும் இதே கதைதான், திருப்பிக் கேட்க வேண்டும். ஏச்சு விழுமே என்று பயந்து கேட்காமல் விடுகிற பிள்ளையை எந்த சிஸ்டரும் விரும்பமாட்டா.

இங்கிலிஷுக்கு வருவோம். இதைச் சத்தமாக வாசியுங்கள்: "பெட் செவென். டே ஃபைவ் டெங்கு. பல்ஸ் வன் ட்வென்டி. பிபி நைன்டி பை செவென்டி. ஹேன்ட்ஸ் கோல்ட். ப்ளீஸ் கம் அன்ட் சீ." இதில் என்ன பெரிய இலக்கணம் இருக்கிறது? ஆனாலும் டொக்டர் ஓடி வருவார். இப்படி நாலைந்து நோயாளிகளை வைத்து வாய்விட்டுப் பழகுங்கள். பயிற்சியில் பார்த்த நோயாளி ஒருவரைப் பற்றி நன்றாகச் சொல்லத் தெரிந்தால் அதுவே உங்கள் அனுபவம், பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லாதீர்கள். கேள்வி விளங்காவிட்டால் "சொறி, மெடம், ப்ளீஸ் ரிப்பீட்" என்று கேளுங்கள், விளக்கத்தைத் தமிழில் சொல்லலாமா என்றும் கேளுங்கள். இங்கே அது குறையில்லை. சிங்களத்தில் "கொஹேத ரிதென்னே", "ஹுஸ்ம கன்ன அமாருத" அளவுக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அம்பாறைப் பக்கத்து நோயாளி வந்தால் எங்கே நோகிறது, மூச்செடுக்கக் கஷ்டமா என்று கேட்க அது காணும்.

உடுப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நகம் வெட்டி, தலைமுடி கட்டி, சத்தம் போடாத சப்பாத்துப் போட்டால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூலப் பிரதியைக் காட்டுங்கள், போட்டோ பிரதியைக் கொடுங்கள், மூலத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வேலைக்கு எடுத்துவிட்டு, விட்டுப் போகாமல் இருக்க மூலச் சான்றிதழைப் பூட்டி வைக்கிற இடங்களைப் பற்றிப் பிள்ளைகள் எனக்கு எழுதாத மாதம் இல்லை. பொண்ட் (இத்தனை வருடம் விட்டுப் போகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்னரே கேளுங்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர்கள் கட்ட வேண்டியது. "ட்ரெய்னி, அதனால் இல்லை" என்றால் யோசியுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு முடித்தீர்களா? இல்லாவிட்டால் அதற்கு ஒழுங்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதால் உங்களை வாயாடி என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

இனி அம்மா. "எந்த நேரமும் வருவேன்" என்று அங்கே சொல்லிவிட்டு முதல் மாதமே ரோஸ்டருக்குச் சண்டை பிடிக்காதீர்கள். "நைட் செய்ய மாட்டேன்" என்றாலோ புதுப் பிள்ளைக்கு வேலை கிடைக்காது. ஆனால் ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அரச வைத்தியசாலை வாட்டுகளில் வழக்கமாக காலை 7 – 1, பின்னேரம் 1 – 7, இரவு 7 – காலை 7. இவர்களும் அப்படித்தான் என்றால், நைட்டுக்குப் பின்னேரமே வெளிக்கிட்டு, விடிந்த பிறகு குருமண்வெளியில் பாதை ஏறலாம். உங்களுக்குச் சிக்கல் பின்னேர டியூட்டிதான், இரவு ஏழுக்கு முடிந்தால் டவுனில் இருந்து பஸ் பிடித்து அக்கரை போய்ச் சேர முடியாது. அதனால் டியூட்டி நேரம் எப்படி, தங்குமிடம் தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் கல்லடிப் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகளோடு போடிங் பார்க்கலாம், மாதக் காசு எவ்வளவு என்று விசாரித்துச் சம்பளத்தோடு கழித்துப் பாருங்கள். நேர்முகப் பரீட்சைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ வெளியில் இருக்கட்டும். முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய் அந்தப் போடிங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.