காதல் படங்கள் எடுத்த தமிழ் இயக்குநர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

ஸ்ரீதர்தான். காதல் படம் என்றாலே இன்றைக்குப் பலரும் மணிரத்னத்தில், கௌதம் மேனனில் ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் காதலித்து ஜெயித்தவர்களைவிட, ஒதுங்கிப் போக வேண்டியவரின் மனசைத்தான் ஸ்ரீதர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடிக்கும்.

வசனகர்த்தாவாகப் பெயர் எடுத்துவிட்டுத்தான் இயக்க வந்தார். 'அமரதீபம்', 'உத்தமபுத்திரன்' எல்லாம் அவர் பேனாதான். 1959-ல் முதல் படம் 'கல்யாணப்பரிசு'. அக்காவுக்காகக் காதலனை விட்டுக்கொடுக்கும் தங்கை என்று சொன்னால் வழக்கமான தியாகக் கதை மாதிரி இருக்கும். ஆனால் படம் அங்கே முடிவதில்லை. அந்தத் தியாகத்தால் மூன்று பேரும் என்ன பாடு படுகிறார்கள் என்பதையும் காட்டிவிடுகிறார். தங்கவேலுவின் 'மன்னார் அண்ட் கம்பெனி' காமெடி இல்லையென்றால் அவ்வளவு சோகத்தைத் தாங்கியிருக்க முடியுமா, தெரியவில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறக்குறைய முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள்தான். பழைய காதலியின் கணவனே நோயாளியாக வந்து படுக்கிறான், ஆபரேஷன் செய்ய வேண்டியவர் பழைய காதலர். இதில் யாரைக் குற்றம் சொல்வது? வில்லன் என்று ஒருவர்கூடக் கிடையாது, மூன்று பேரும் நல்லவர்கள். தான் செத்துப்போனால் டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்று கணவன் சொல்லும்போதுதான் மனைவியாக வரும் தேவிகாவுக்கு 'சொன்னது நீதானா' பாட்டு. கதை நின்று பாட்டு வருவதாகவே தோன்றாது, அவள் பதிலே அந்தப் பாட்டுதான். வின்சென்ட்டின் கேமரா அந்த நெருக்கடியான அறைகளில் செய்த வேலைக்குத் தனிப் பதிவே போடலாம். அடுத்த வருஷமே இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று இதைத் திரும்பவும் அவரே எடுத்தார்.

குறையும் உண்டு. முக்கோணத்தில் முடிச்சை நன்றாகப் போடுவார், அவிழ்க்கும் இடம் வந்தால் யாராவது ஒருவர் செத்துப்போக வேண்டியிருக்கும். முதல் படத்தில் அக்கா, இங்கே டாக்டர். அந்த வகையில் ஜெயலலிதாவைத் தமிழில் கதாநாயகியாக அறிமுகம் செய்த 'வெண்ணிற ஆடை' (1965) எனக்கு இன்னும் நேர்மையாகப் பட்டது. சிகிச்சை கொடுக்கும் டாக்டரையே விரும்பும் இளம் விதவை, கடைசியில் உயிரோடுதான் இருக்கிறாள், தோல்வியையும் சுமந்துகொண்டு.

இத்தனை அழவைத்தவர்தான் 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார் என்பதை நம்பவே முடியாது! யாருமே தோற்காத காதல் கதை. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்புறம் நட்சத்திரங்களுக்கான பெரிய படங்கள் வந்தன. சிவாஜிக்கு 'சிவந்த மண்', எம்.ஜி.ஆருக்கு 'உரிமைக்குரல்'. ஓடின, ஆனால் அவற்றில் ஸ்ரீதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் 1978-ல் கமல், ரஜினி, ஸ்ரீப்ரியாவை வைத்து 'இளமை ஊஞ்சலாடுகிறது' எடுத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருந்த இடத்தில் இப்போது இளையராஜா, ஆட்களும் புதுசு. விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்ற அந்தப் பழைய கேள்வி மட்டும் அப்படியே.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்று தயங்கினால், சரி, 'இளமை ஊஞ்சலாடுகிறது' பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் போகலாம். 'கல்யாணப்பரிசு'க்கு மட்டும் கைக்குட்டை வேண்டும்.