டெல்ரின் பாகத்தில் துளை தவறினால் ஒட்டிச் சரிசெய்யலாமா?

டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக் பாகத்தில் 8 மி.மீ. துளை 2 மி.மீ. தள்ளி விழுந்துவிட்டது, எபாக்ஸியால் அடைத்து மறுபடி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டெல்ரினில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. டிரில் பட்டதுமே அடைப்பு கழன்று வந்துவிடும். அக்ரிலிக் என்றால் கரைப்பான் பசையே போதும், அது வேறு கதை.

இங்கே துளைக்குள் இறுக்கமாகச் செருகும் அடைப்புக் கட்டைதான் வழி. பழைய துளையையே பெரிதாக்காதீர்கள். புதுத் துளை வரவேண்டிய இடத்தை மையமாக வைத்து 14 மி.மீ.க்கு போரிங் செய்யுங்கள், அதாவது துளையைக் கடைந்து அகலமாக்குங்கள். பழைய தவறு முழுவதும் அதற்குள் போய்விடும், புதுத் துளையும் கட்டையின் நடுவில் விழும். பழைய துளையை மட்டும் அடைத்தால், டிரில் பாதி கட்டையிலும் பாதி பாகத்திலும் கடித்து ஓடிவிடும். நானே அப்படி ஒரு பாகத்தைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அதே டெல்ரினில் 14.1 மி.மீ. கட்டை கடைந்து, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். சுமார் 0.07 மி.மீ. சுருங்கும், வைஸில் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் துளையிடுங்கள். துளையின் நீளவாக்கில் இழுவை வரும் இடமென்றால், கட்டையின் ஒரு முனையில் காலர் (அகன்ற விளிம்பு) விட்டுக் கடையுங்கள்.