ஏஐ காட்டும் ஒஸ்லோ வரவேற்பறை கொக்குவில் வீட்டுக்குப் பொருந்துமா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு ஹோல் 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. சிவப்புச் சீமெந்து நிலம். வடக்குச் சுவரில் இரண்டு யன்னல்கள். அப்பாவின் சாய்மனைக் கதிரை, பிரம்பு பின்னிய நான்கு பழைய கதிரைகள், ஒரு கண்ணாடி அலுமாரி ஆகியவை இருக்கின்றன. ஒஸ்லோவில் வசிக்கும் மகள் நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளுடன் வருவதற்குமுன் ஹோலை ஸ்கண்டிநேவியப் பாணியில் மாற்ற விரும்பி, அதன் படத்தை ஓர் ஏஐ செயலியில் ஏற்றினேன். நான்கு அழகான படங்கள் கிடைத்தன. தச்சரிடம் காட்டியபோது, 'இதிலே உங்கட யன்னல் எங்கையம்மா?' என்று கேட்டார். இந்தப் படங்களை நம்பி வேலையைத் தொடங்கலாமா?"

தச்சர் கேட்டதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. இச்செயலிகள் உங்கள் அறையை அளப்பதில்லை. தாம் பயின்ற எண்ணற்ற படங்களின் சாயலில், நீங்கள் கொடுத்த படத்தின்மீது புதிய படம் ஒன்றை வரைகின்றன. அப்போது இரண்டு யன்னல்கள் ஒரே அகன்ற கண்ணாடியாகிவிடலாம், மின்விசிறி மறையலாம், தூண் காணாமற் போகலாம். ஆகவே அந்தப் படத்தை வேலைக்கான வரைபடமாகத் தச்சரிடம் கொடுக்காதீர்கள். ஆனால் எதை அகற்றினால் அறை எப்படி மூச்சுவிடும் என்று பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி இப்போது இல்லை. அந்த அளவில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

படம் சொல்லாத விடயம் ஒன்று உண்டு. ஒஸ்லோவில் மார்கழி மாதத்துப் பகல் ஏறக்குறைய 6 மணித்தியாலம்தான். சூரியனும் அடிவானத்தை ஒட்டியே நகரும். கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் வீணாக்காமல் அறை முழுவதும் பரப்புவதற்காகவே அங்குள்ளவர்கள் சுவரை வெள்ளையாக்கி, யன்னலைத் திரையின்றி விட்டு, வெளிர்நிற மரத்தைத் தேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11½ மணித்தியாலம் நீள்கிறது. அதோடு சித்திரை தொடக்கம் ஆவணி வரையான மாதங்களில் நண்பகற் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்பதால், வடக்கு யன்னலில் வெயில் படாது என்ற எண்ணமும் அக்காலத்தில் பொருந்தாது. மகள் வரும் நாட்களில் பளபளக்கும் வெள்ளைச் சுவரும் திரையில்லா யன்னலும் கண்ணைக் கூசச் செய்யும். யன்னலுக்கு மெல்லிய, வெளுக்காத பருத்திச் சீலை போடுங்கள். சுவருக்குப் பளபளப்புக் குறைந்த, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பூச்சை வாங்குங்கள். வலிகாமத்துச் செம்பாட்டுத் தூசி சுவரில் படியாமல் இராது என்பதால், துடைக்க முடியாத பூச்சை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உங்களுக்குக் கிடைத்த படங்களில் சிவப்பு நிலம் வெளிறிய மரத்தளமாக மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அந்த நிலத்தை உடைக்காதீர்கள். பல ஆண்டுகளாகக் கால்பட்டு மெருகேறிய அத்தகைய நிலத்தை இன்று மீண்டும் போடுவது எளிதன்று. வெறுங்காலுக்கு அது தரும் குளிர்ச்சியும் இந்தக் காலநிலைக்கு உரியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிவப்பு நிலத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி, வெள்ளைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொடுக்கும். கைப்பேசித் திரை இதைக் காட்டாது. எனவே இரண்டு மூன்று வெள்ளை வகைகளைச் சிறு அளவில் வாங்கி, சுவரின் மேலும் கீழும் 2 அடிச் சதுரமாகப் பூசி, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்த்த பின்னரே தீர்மானியுங்கள். நடுவில் கம்பளியோ ஆட்டுத்தோலோ வேண்டாம். மாரியில் அவை ஈரத்தை உறிஞ்சி மணக்கும். சாயமிடாத பனையோலைப் பாய் அதே வெளிர்நிறத்தைத் தரும்.

தளபாடத்துக்கு வருகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்து இன்றுவரை விற்பனையாகும் ஒரு கதிரையின் இருக்கை, முறுக்கிய கடதாசிக் கயிற்றினால் கையால் பின்னப்படுவது. மெலிந்த மரச்சட்டம், கைப்பின்னல் இருக்கை என்ற அதே இலக்கணம் உங்கள் பிரம்புக் கதிரைகளிலும் இருக்கிறது. அவற்றுள் ஒன்றைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் அடிப்புறத்தில் ஒரு நாணயத்தின் அளவுக்கு அரத்தாளால் தேய்த்துப் பாருங்கள். கரிய பொலிஷ் நீங்கியதும் தேன் கலந்த வெளிர்மஞ்சள் தெரிந்தால், அது முதிரையாகவோ பலாவாகவோ இருக்கக்கூடும். நீங்கள் படத்தில் கண்டு ஆசைப்பட்ட நிறம் அதுதான். தச்சரைக் கொண்டு பொலிஷை அகற்றி, பளபளப்பில்லாத நிறமற்ற வார்னிஷ் பூசினால் போதும். உள்ளேயும் மரம் கருமையாக இருந்தால் அப்படியே விடுங்கள். வெள்ளைப் பெயின்ற் அடிக்காதீர்கள். புதிதாகப் பைன் மரத்தில் எதுவும் வாங்குவதானால், கறையானுக்கு எதிராகப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். சாய்மனைக் கதிரை யன்னலோரத்தில் தனியாக இருக்கட்டும். கண்ணாடி அலுமாரியை மட்டும் வேறு அறைக்கு மாற்றுவது நல்லது.

இனி, செயலியை மறுபடியும் பயன்படுத்தும் முறை. முதலில் ஹோலை உண்மையாகவே வெறுமையாக்கி, வைத்திருக்கப்போகும் பொருள்களை மட்டும் வைத்து, காலை ஒளியில், மூலையில் நின்று, நெஞ்சளவு உயரத்தில் கைப்பேசியைக் கிடையாகப் பிடித்துப் படமெடுங்கள். அகலக்கோண வில்லையைத் தவிருங்கள். அது அறையைப் பெரிதாகக் காட்டிவிடும். சுவரிலுள்ள குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டே எடுங்கள். அவை முன்பின் அறியாத நிறுவனத்தின் கணினிக்குப் போகவேண்டியதில்லை. பின்னர், "யன்னல்கள், கதவு, சிவப்பு நிலம், மின்விசிறி ஆகியவற்றை மாற்றாதே, சுவரின் நிறத்தை மட்டும் மாற்று" என்று எழுதுங்கள். அது சரிவந்தபின் திரைச்சீலை, அதன்பின் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டால் எந்த மாற்றம் அறையை அழகாக்கியது என்பது உங்களுக்கே விளங்காது. பிடித்த படத்தில் உள்ள மேசையின் அளவைக் கதவின் உயரத்தோடு ஒப்பிட்டு ஊகித்து, அதே அளவில் பழைய செய்தித்தாளை நிலத்தில் விரித்து, சுற்றி நடந்து பாருங்கள். நடைபாதைக்கு 2½ அடியாவது மிஞ்சவேண்டும்.

இரவுக்கு, நடுக்கூரையில் எரியும் வெண்குழல் விளக்கின் இடத்தில், 2700 கெல்வின் என்று பெட்டியில் குறித்த இரண்டு மூன்று மஞ்சள் ஒளிக் குமிழ்களை மூடியிட்டுத் தாழ்வாகப் பொருத்துங்கள்.

பூச்சு வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். மாரி மழையில் நனைந்த சுவர் அதற்குள் உலர்ந்துவிடும். வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கினால், ஈரப் பூச்சில் தூசி ஒட்டிக்கொள்ளும்.