ராத்திரி 2 மணிக்கு யார் வருவார்?

மகள் எம்பிபிஎஸ் கடைசியில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்த மறுவாரமே கோவை தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஐசியு டியூட்டி டாக்டர், மாதம் 60,000, இரண்டு ஆண்டு வேலையை விட மாட்டேன் என்று பாண்டு. உங்கள் மைத்துனரோ, “டியூட்டி டாக்டர் ஆகவா இத்தனை வருசம் படிக்க வைத்தோம்? கடனை வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஸ்கேன் பார்க்கிற ரேடியாலஜி மேற்படிப்பில் சேர்த்துவிடுங்க மாமா” என்கிறாராம். தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கெடத்தான் செய்யும். ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

முதலில் மைத்துனர் கணக்கு. கட்டணம் மட்டுமே கோடியைத் தாண்டும் கல்லூரிகள் உண்டு. 1 கோடியை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 1,32,000 ரூபாய். உங்கள் மளிகைக் கடை வருமானத்தில் இது நடக்காது. கடையையே விற்றாலும் வட்டி நிற்காது. அதோடு, “பாப்பாவுக்குப் பிரசவ வார்டும் கேஷுவாலிட்டியும்தான் பிடிக்கும்” என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ரேடியாலஜி நல்ல துறைதான், அவருக்கான துறை இல்லை. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இனி அந்த ஆஃபர். சம்பளத்தை மணிக்கணக்கில் பிரியுங்கள். 12 மணி நேர டியூட்டி மாதம் 26 என்றால் 312 மணி நேரம். மணிக்கு 192 ரூபாய். ‘கன்சல்டன்சி ஃபீஸ்’ என்று போட்டிருப்பதால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, போகும், பிஎஃப் கிடையாது. டிடிஎஸ்ஸைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வழி உண்டு. பெரிய சிக்கல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: அசல் சான்றிதழ்களையும், தொகை எழுதாத இரண்டு காசோலைகளையும் ஒப்படைக்க வேண்டுமாம். கூடவே கூடாது. பாண்டு நடுவில் பிஜி (மேற்படிப்பு) இடம் கிடைத்தால், கல்லூரியில் சேரும் நாளில் அசல் கையில் இருந்தாக வேண்டும். அன்றைக்குப் பேரம் பேசும் பலம் முழுக்க அவர்கள் பக்கம். காசோலையில் அவர்களே தொகை எழுதிப் போட்டு, பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரை இழுக்கலாம். அசலைக் காட்டிச் சரிபார்த்து உடனே கையோடு வாங்கி வர வேண்டும், நகல் மட்டும் கொடுக்கலாம்.

அடுத்து, ராத்திரி 2 மணிக்கு வென்டிலேட்டர் நோயாளிக்கு நாடி விழுந்தால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில்? “சார் போனில் இருப்பார்” என்பது பதிலாகாது. கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் மகளின் கையெழுத்து. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் நோட்டீஸ் வீடு தேடி வரும். மருத்துவமனையின் இன்டெம்னிட்டி பாலிசியில் (சிகிச்சை தொடர்பான வழக்குக்கான காப்பீடு) டியூட்டி டாக்டர் பெயர் இருக்கிறதா, வேலையை விட்ட பின் வரும் வழக்குக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுவது நல்லது.

நீட் பிஜி கோச்சிங், அரசு டாக்டர் வேலைக்கான எம்ஆர்பி தேர்வு இரண்டையும் ஊரே சொல்லியிருக்கும், நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று, கிராமத்துச் சிறு மருத்துவமனை. தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி, நீலகிரியின் கூடலூர், திண்டுக்கல் பக்கம் ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களில் அறக்கட்டளைகளும் மிஷன்களும் பல பத்தாண்டுகளாக நடத்துகிறவை. இளம் டாக்டர் அங்கே ஒரே நாளில் பிரசவமும் பார்ப்பார், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டும் போடுவார், காய்ச்சல் குழந்தையையும் கவனிப்பார்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நகர ஐசியுவுக்கு வரும் நோயாளிக்குப் பெரும்பாலும் வழியிலேயே விஷமுறிவு மருந்து ஏறியிருக்கும். சிறு மருத்துவமனையில் முதல் முடிவே டியூட்டி டாக்டருடையது. விஷம் ரத்தத்தை உறையவிடாமல் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க 2 மில்லி ரத்தம், புதிய உலர்ந்த கண்ணாடிக் குழாய், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் 8 முதல் 10 குப்பி மருந்து. குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவு. பக்கத்திலேயே சிரிஞ்சில் அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும், மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும் என்பதால். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும், தேவையில்லாமல் மருந்து ஏறிவிடும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கையில் குழாயோடு நின்றவருக்குத்தான் மறக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கோவையை விடக் குறையலாம். அதனால் குடியிருப்பும் சாப்பாடும் அதில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ரத்த சேமிப்பு வசதி இல்லாத இடத்தில் பிரசவத்தில் உதிரப்போக்கு என்றால் ஆம்புலன்ஸ்தான் கதி. சீனியர் டாக்டர் வளாகத்திலேயே குடியிருக்கிறாரா, அவர் விடுப்பில் போனால் யார் பொறுப்பு என்ற அதே 2 மணிக் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். சில இடங்களில் அந்தப் பதில் கோவையை விட மோசமாகவும் இருக்கும். ஆகவே சேருவதற்கு முன் மூன்று நாள் போய்த் தங்கட்டும், அதில் ஒரு ராத்திரி டியூட்டி ரூமில். பெண் டாக்டர் குவார்ட்டர்ஸ் கதவின் தாழ்ப்பாள் முதல் தண்ணீர் வரும் நேரம் வரை பார்த்து வரட்டும். ஓர் ஆண்டு ஒப்பந்தம் போதும்; படிக்க வாரம் எத்தனை மணி நேரம் ஒழியும் என்பதையும் பேசிக்கொள்ளட்டும்.

கோவைக்கு இன்றே மின்னஞ்சல் போகட்டும்: அசலும் காசோலையும் தர இயலாது, பாண்டு ஓர் ஆண்டு, இரவு கன்சல்டன்ட் பெயர் வேண்டும். மூன்றுக்கும் சம்மதித்தால் அந்த வேலையையும் பரிசீலிக்கலாம். மைத்துனருக்கு அந்த 1,32,000 கணக்கை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.