டிஷ்யூ டப்பாவை நீட்டாதே, தம்பி

தம்பி, மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலை சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். குரூப் கவுன்சலிங், அதாவது பலரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவைக்கும் பாடத்தில், மாணவர்களே உறுப்பினராக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டுமாமே, வீட்டு விஷயத்தையெல்லாம் சொல்லணுமா அக்கா, சொல்லாவிட்டால் மார்க் போய்விடுமா என்று கேட்டிருந்தாய்.

போகாது. எவ்வளவு மனம் திறந்தாய் என்பதற்கு மார்க் போடக் கூடாது என்பது அங்கே தொழில் நெறி. ஆனால் கவுன்சலிங் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் காக்ரெப் (CACREP) அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால், ஒரு பருவத்தில் குறைந்தது 10 மணி நேரம் உறுப்பினராக உட்கார்ந்தே ஆக வேண்டும். எதைச் சொல்வது என்பது உன் கையில். ஆறாத புண்ணைக் கொண்டுபோகாதே. வகுப்பே ஒரு ஜோக்குக்குச் சிரிக்கும்போது புரியாமலே நீயும் சிரித்து வைத்திருப்பாய் அல்லவா, அதைச் சொன்னால் போதும்.

அப்புறம் பிராக்டிகம், அதாவது முதல் கட்டச் செய்முறைப் பயிற்சி, 100 மணி நேரம், அதில் 40 மணி நேரம் ஆட்களோடு நேரடியாக. அதன்பின் இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதில் நேரடியாக 240. இந்த இரண்டில் ஒன்றில் நீயே ஒரு குழுவை நடத்த வேண்டும், அல்லது இன்னொருவரோடு சேர்ந்து நடத்த வேண்டும். இதெல்லாம் கையேட்டில் இருக்கும், விடு.

நம் ஊர்க்காரருக்குக் கஷ்டம் வேறு இடத்தில். நமக்கு வாய் சும்மா இருக்காது. உசிலம்பட்டிப் பக்கம் நான் களப்பணி செய்தபோது, மகளிர் குழுக் கூட்டத்தில் ஒருத்தி கண்கலங்கினால் போதும், நாலா பக்கமிருந்தும் யோசனை வந்து விழும். கோர்ட்டுக்குப் போ, அண்ணனிடம் சொல், பாண்டி கோயிலில் வேண்டிக்கோ. என் பங்குக்கு நானும் ஒன்று சொல்வேன்.

அதே கையோடுதான் அமெரிக்கா போனேன். இன்டர்ன்ஷிப்பில் எனக்குக் கிடைத்தது, வீட்டில் சாவைப் பார்த்தவர்களுக்கான குழு. எட்டுப் பேர். ஒரு அம்மா தன் தாயாரின் கடைசி வாரத்தைச் சொல்லி அழ ஆரம்பித்தார். சட்டென்று டிஷ்யூ டப்பாவை எடுத்து நீட்டினேன். மரியாதைதானே? மறுநாள் சூப்பர்வைசர் வீடியோவை ஓட்டி, டப்பா நகர்ந்த இடத்தில் நிறுத்தினார். அந்த அம்மா "ஸாரி" சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேச்சையும் விட்டுவிட்டிருந்தார். "அழுகை நிற்க வேண்டும் என்று யாருக்கு அவசரம்? அவருக்கா, உனக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். முகம் செத்துப்போனது எனக்கு. அதே வீடியோவில் எதிர் நாற்காலிப் பெரியவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியிருப்பார்கள்.

இப்போது லீவில் வந்து, செல்லூரில் அம்மா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் ஆறேழு பேர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மருமகள் கதையை எடுத்தார். எதிர்வீட்டு அத்தை பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" மட்டும் கொட்டினார். கால் மணி நேரம் கதை ஓடியது. அந்த "ம்" எனக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது.

எந்த மாநிலம் என்று நீ எழுதவில்லை. கவுன்சலராக வேலை செய்வதற்கான லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இப்போதே பார்த்து வைத்துக்கொள்.